முகத்தில அடிக்கிற வெளிச்சம்: இருட்டில் படமெடுத்தவர்களின் கதை

போன வருசம் எங்கட ஊர் அம்மன் கோயிலில் காத்தவராயன் கூத்து. விடிய விடிய நடக்கும். பட்ச்மேற் ஒருத்தனிட்ட இரவல் வாங்கின கமராவோட முன்னுக்கே பாய் போட்டு இருந்தேன். கமராவோட சும்மா வாற 18-55 லென்ஸ்தான். பந்தலில நாலைஞ்சு மஞ்சள் பல்ப். எடுத்த படமெல்லாம் ஆடிப்போய், பேய் மாதிரி வந்தது. விடியக்காலமை காத்தவராயன் கழுமரத்தில ஏறுற கட்டம் வந்ததும் பொறுக்கேலாமல் பிளாஷைத் திறந்து பத்துப் பன்னிரண்டு தரம் அடிச்சுப்போட்டேன்.

கூத்து முடிஞ்சதும் அண்ணாவியார் என்னட்ட வந்தார். கோவிக்கேல்லை. "தம்பி, படம் எடும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் உம்மட லைற் அடிக்கேக்க ஏறுறவனுக்குக் கண் தெரியேல்லை. விழுந்திருந்தால் ஆர் பொறுப்பு?" எண்டு மட்டும் கேட்டார்.

வீட்ட வந்து படங்களைப் பார்த்தேன். முகங்கள் வெள்ளைச் சுவர் மாதிரி. பின்னால ஒரே கறுப்பு. மஞ்சள் வெளிச்சம் இல்லை, சனம் இல்லை, கோயில் இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படம் மாதிரி ஒரு காத்தவராயன். அடுத்த முறைக்கு என்ன லென்ஸ் நல்லம் எண்டு தேடத் தொடங்கித்தான் இந்த வரலாற்றுக்குள்ள விழுந்தேன்.

இருட்டில் படமெடுக்க ஆரம்பத்திலிருந்தே இரண்டு வழிகள்தான் இருந்திருக்கின்றன. ஒன்று, வெளிச்சத்தை நாங்களே கொண்டுபோவது. மற்றது, அங்கே இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைக் கூடுதலாகச் சேர்ப்பது. முதலாவதுக்குப் பிளாஷ், இரண்டாவதுக்கு லென்ஸ். இது வெறும் சாமான் பிரச்சினை எண்டுதான் நானும் நினைத்திருந்தேன்.

கணக்கில் பிறந்த லென்ஸ்

1839இல் பிரான்சில் டாகேர் தன்னுடைய முறையை வெளியிட்டபோது, நல்ல வெயிலிலும் ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. ஆளைப் படமெடுப்பது பெரும் பாடு. அடுத்த வருசமே, 1840இல், வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால் ஒரு லென்ஸைக் கடதாசியில் கணக்குப் போட்டு வடிவமைத்தார். ஃபொக்ட்லாண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. அதன் அளவு ஏறத்தாழ f/3.6.

இந்த f எண் எங்கட கனபேரைக் குழப்பும். லென்ஸின் குவியத் தூரத்தை அதன் வாயின் விட்டத்தால் பிரித்தால் வருவதுதான் அது. எண் சிறிதானால் வாய் பெரிது. வெளிச்சம் அந்த எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். பெட்ஸ்வாலுக்கு முன்னிருந்த லென்ஸ்கள் f/15 அளவில் இருந்தன. அப்படியென்றால் இது பதினைந்து மடங்குக்கும் மேலான வெளிச்சத்தை உள்ளே விட்டது. நிமிடங்கள் செக்கன்களாகச் சுருங்கின. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது: நடுப்பகுதி மட்டுமே கூர்மை, ஓரங்கள் சுழன்று கலங்கிப் போகும். வாய் பெரிசான லென்ஸ் எல்லாம் இண்டைக்கும் ஏதோ ஒரு விதத்தில் இந்த விலையைக் கேட்கிறது.

வெயில் இல்லாத இடத்தில் அந்த லென்ஸும் போதாது. 1861இல் பாரிஸின் நிலக்கீழ் எலும்புக் கூடங்களுக்குள் நாடார் என்ற படப்பிடிப்பாளர் பற்றரிகளையும் மின்வில் விளக்கையும் கொண்டு இறங்கினார். ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை எடுத்தது. உயிருள்ள ஆள் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க ஏலாது. அதனால் எலும்பு அடுக்கும் தொழிலாளியின் இடத்தில் உடுப்புப் போட்ட பொம்மைகளை நிறுத்தினார். தொழிலாளியின் வேலை படத்தில் இருக்கிறது, தொழிலாளி இல்லை.

தாச்சியில் வெடித்த வெளிச்சம்

1860களில் மக்னீசியம் நாடாவை எரித்துப் படமெடுத்தார்கள். 1887இல் ஜேர்மனியில் அடோல்ஃப் மீத்தவும் யோஹன்னஸ் கேடிக்கவும் மக்னீசியம் தூளோடு பொட்டாசியம் குளோரேற்றையும் அந்திமனி சல்பைட்டையும் கலந்தார்கள். பற்றவைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் பேரொளி. கிட்டத்தட்ட வெடிமருந்துதான். கை, முகம் எரிந்த படப்பிடிப்பாளர்கள் கனபேர்.

அந்தச் செய்தி பத்திரிகையில் வந்ததைப் பார்த்துத் துள்ளியெழுந்தவர் நியூயோர்க்கில் இருந்த ஜேக்கப் ரீஸ். டென்மார்க்கில் பிறந்து, 1870இல் அமெரிக்காவுக்கு வந்து, படுக்க இடமில்லாமல் பொலிஸ் நிலைய விடுதிகளில் படுத்தெழும்பினவர். பிறகு பொலிஸ் செய்தியாளர் ஆனார். மல்பெரி தெருப் பக்கத்து நெருக்கடி வீடுகளில், ஒரு சின்ன அறைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் காசு கொடுத்து நிலத்தில் படுப்பதை எழுதிப் பார்த்தார். எவரும் கணக்கெடுக்கவில்லை. படம் காட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தார்.

நடு இரவில் ஆட்களோடு அந்த அறைகளுக்குள் நுழைவார். முதலில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் தூளை வெடிக்க வைத்தார். சுடுகிறார்கள் என்று சனம் ஓடியது. பிறகு ஒரு தாச்சியில் தூளைப் போட்டுப் பற்றவைக்கத் தொடங்கினார். இரண்டு தரம் வீட்டுக்கு நெருப்பு வைத்திருக்கிறார், ஒரு தரம் தனக்கே. 1890இல் அவருடைய புத்தகம் வந்தது. பொலிஸ் விடுதிகள் 1896இல் மூடப்பட்டன. மல்பெரி வளைவின் வீடுகள் இடிக்கப்பட்டு 1897இல் அங்கே பூங்கா திறந்தது. ஒரு படப்பிடிப்பாளர் இதைவிட என்ன சாதிக்கலாம்?

ஆனால் அந்தப் படங்களில் இருப்பவர்களின் முகங்களைப் பாருங்கள். நித்திரையிலிருந்து எழும்பிய கண்கள், கூசி, பாதி மூடி, விளங்காமல். அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்காக எடுத்த படம் அது, ஆனால் பார்ப்பதற்கு அவர்களைப் பிடிக்க வந்தவர்கள் எடுத்த படம் மாதிரி இருக்கிறது.

இந்தப் படங்களை அம்மாவுக்குப் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரவுண்டப் நேரம் எங்களுக்கும் இப்பிடித்தான் முகத்தில டோர்ச் அடிப்பாங்கள்" எண்டு சொன்னா. பிறகு போனைத் திருப்பித் தந்திட்டா. கலியாண வீடுகளில் வீடியோக்காரர் பெரிய லைற்றோடு வந்தால் அம்மா ஏன் முகத்தைத் திருப்பிறவ எண்டு எனக்கு அண்டைக்குத்தான் பிடிபட்டது. எங்கட ஊரில் பிளாஷுக்கு முன்னால இருக்கிற கனபேருக்கு அது வெறும் வெளிச்சம் இல்லை.

தொப்பிக்குள் ஒளித்த கமரா

இரண்டாவது வழி 1924இல் ஜேர்மனியில் பெரிதாகத் திறந்தது. ட்ரெஸ்டனில் இருந்த ஏர்னமன் நிறுவனம் ஏர்மனொக்ஸ் என்ற சின்னக் கமராவை வெளியிட்டது. அதன் லென்ஸை வடிவமைத்தவர் லூட்விக் பெர்ட்டலே, அப்போது அவருக்கு வயது இருபதுகளின் ஆரம்பம். முதலில் f/2, பிறகு f/1.8. அறை விளக்கிலேயே படமெடுக்கலாம். தூளும் வேண்டாம், தாச்சியும் வேண்டாம்.

இதை வைத்துப் பேர் எடுத்தவர் எரிக் சலமொன். சட்டம் படித்தவர். 1928இல் ஒரு கொலை வழக்கில், கமரா தடைசெய்யப்பட்ட நீதிமன்றத்துக்குள், தொப்பியில் ஓட்டை போட்டு அதற்குள் கமராவை ஒளித்து எடுத்தார். பிறகு சர்வதேச மாநாடுகள். 1930இல் ஹேக் மாநாட்டில், நள்ளிரவு தாண்டி, ஐரோப்பிய அமைச்சர்கள் கதிரைகளில் சாய்ந்து தூங்கி வழிவதை எடுத்தார். மேடையில் மட்டுமே பார்த்த ஆட்சியாளர்களைச் சனம் முதல் தரம் களைத்த மனிதர்களாகப் பார்த்தது. அந்தக் கமராவில் ஒரு தரத்துக்கு ஒரு கண்ணாடித் தகடுதான். சத்தமில்லாமல் காத்திருந்து, பேசுபவர் நிற்கிற கணத்தில் அழுத்த வேண்டும்.

நான் முதலில் இதை "பிளாஷ் கூடாது, லென்ஸ் நல்லது" என்று எழுதி முடிக்கத்தான் நினைத்தேன். அது சரிவராது. ரீஸ் கேட்காமல் எடுத்தார், எல்லாருக்கும் தெரிந்தது. சலமொனும் கேட்காமல்தான் எடுத்தார், ஒருவருக்கும் தெரியவில்லை. வித்தியாசம் யாரை எடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. சலமொனின் அமைச்சர்களுக்கு அதிகாரம் இருந்தது. ரீஸின் அறையில் படுத்தவர்களுக்குக் கதவைச் சாத்தும் உரிமைகூட இருக்கவில்லை. ஒளித்திருந்து பார்த்த சலமொனும் கடைசியில் ஒளிய வேண்டி வந்தது. யூதரான அவர் நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் நெதர்லாந்துக்குப் போனார். 1944இல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். மனைவியும் இளைய மகனும் தப்பவில்லை.

யாருடைய தோலுக்கான வெளிச்சம்?

லென்ஸ்கள் தொடர்ந்து பெருத்தன. உச்சம் சைஸ் நிறுவனம் நாசாவுக்காகச் செய்த 50 மில்லிமீற்றர் f/0.7. பத்துத்தான் செய்தார்கள், மூன்றை இயக்குநர் ஸ்ரான்லி குப்ரிக் வாங்கினார். 1975இல் வந்த பாரி லிண்டன் படத்தின் மெழுகுதிரிக் காட்சிகளை அவற்றால்தான் எடுத்தார். கூர்மை விழும் ஆழம் அவ்வளவு குறைவு. நடிகர் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தாலே முகம் கலங்கும். 1840இல் வெயிலில் அசையாமல் இருந்தவர்களின் நிலைமைதான் திரும்பவும்.

லென்ஸைப் பற்றியும் பிளாஷைப் பற்றியும் கதைப்பவர்கள் அதிகம் கதைக்காத ஒன்று ஃபிலிம். கொடக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய, நிறத்தைச் சரிபார்க்கும் அட்டைகளில் பல பத்தாண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். அந்த அட்டைக்கே ஷேர்லி எண்டு பேர். அவளின் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த தோலின் நுணுக்கம் குறைந்த வெளிச்சத்தில் வராமல் போனது குறையாகவே படவில்லை. சொக்லேற்றின் நிறமும் மரத் தளபாடத்தின் நிறமும் சரியாக வரவில்லை என்று விளம்பரக்காரர் முறையிட்டதும் ஃபிலிம் திருந்தியதற்கு ஒரு காரணம்.

இது பழங்கதை இல்லை. கமராவின் மீற்றர் முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். வெள்ளை வேட்டி, வெள்ளைப் பந்தல் எண்டால் வெளிச்சத்தைக் குறைக்கும், எங்கட முகம் கரிக்கட்டையாகும். பிறகு ஸ்ரூடியோவில் முகத்தை மட்டும் வெள்ளையாக்கி அல்பத்தில் ஒட்டுவார்கள். மீற்றரை முகத்தில் வைத்து அளந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

இந்த வருசம்

இந்த முறை முதலில் போனது அண்ணாவியாரிட்ட. எங்க இருக்கலாம், எப்ப எழும்பக் கூடாது எண்டு அவரே சொன்னார். கழுவேறுற அண்ணையிட்டயும் கேட்டேன்.

இரண்டாம் கையாக வாங்கின 50 மில்லிமீற்றர் f/1.8 லென்ஸ். பழைய லென்ஸ் அதே தூரத்தில் f/5.6, அதனால் இது கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ 3200. ஷட்டர் 1/100, ஏனென்றால் எங்கட கரண்ட் செக்கனுக்கு 50 தரம் மாறுவது. பல்ப் 100 தரம் கூடிக் குறையும். இதைவிட வேகமாக அடித்தால் மலிவான எல்ஈடி விளக்குகள் படத்தில் கோடு கோடாக விழும். 1/100இல் ஆடுற ஆளின் கை கலங்கும்தான். ஆட்டம் ஒரு கணம் நிற்கிற இடத்துக்காகக் காத்திருந்தேன். அதுக்குக் கூத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருந்தது. போன வருசம் நான் கூத்தே பார்க்கேல்லை எண்டு அப்பதான் விளங்கிச்சு.

கலியாண மண்டபம் எண்டால் நான் இப்பவும் பிளாஷ் பாவிப்பேன், சீலிங்கிலயோ சுவரிலயோ பட்டுத் தெறிக்கிற மாதிரித் திருப்பி. வெளியில, பந்தலில, அதுக்கு வழியில்லை.

நாலு படத்தைப் பிரின்ற் போட்டுக் கொண்டுபோய்க் கழுவேறின அண்ணையிட்டக் குடுத்தேன். மஞ்சள் வெளிச்சம், பின்னால சனம், கொஞ்சம் சொரசொரப்பு, அவற்ற உண்மையான நிறம். எனக்கு அவ்வளவு சந்தோசம். அவர் கனநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. முகம் கறுப்பா வந்திட்டு. கொஞ்சம் வெள்ளையாக்கித் தர ஏலாதோ?"

எனக்கு ஷேர்லியின் கதையெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. சொல்லேல்லை. கேட்டு எடுத்த படம், இப்ப அவர் ஒண்டு கேட்கிறார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, தோலின் நிறத்தைத் தொடாமல், நிழலை மட்டும் கொஞ்சம் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி இன்னொரு பிரதி போட்டுக் குடுத்தேன். அவற்ற வீட்டு ஹோலில் இப்ப அதுதான் தொங்குது. முதல் பிரதி என்னட்ட இருக்கு. எது சரியான படம் எண்டு எனக்கு இன்னும் முடிவாகேல்லை.