வொல்தேர் பரிந்துரைத்த வேதமும் மரியதாஸ் பிள்ளையின் பாகவதமும்

மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். அந்த நேரம் பார்த்து நாங்கள் நாலு பேர் ஒரு பெஞ்சில் கூடுவோம். முன்பு ஐந்து பேர். சர்க்கரை, முழங்கால், பென்ஷன் அரியர் எல்லாம் பேசி முடித்ததும் ஒருவர் கேட்பார்: "இப்ப என்ன ஓடுது?" என்ன புத்தகம் வாசிக்கிறாய் என்று அர்த்தம். ஒவ்வொருவரும் தான் வாசிப்பதைச் சொல்லி, நல்லதாக இருந்தால் அடுத்தவருக்குத் தருவோம்.

இதில் ஒரு சட்டம் உண்டு. ஒரு புத்தகத்தைப் பற்றி மற்றொரு புத்தகத்தில் படித்ததை வைத்துக்கொண்டு சிபாரிசு செய்யக்கூடாது. தானே கையில் எடுத்து வாசித்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் வந்ததற்குக் காரணம் அடியேன்தான். அந்தக் கதையை இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் வொல்தேரின் 'கான்தீது' கதையில் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஒரு வார்த்தை தப்பினால் மதிய இடைவேளை போச்சு. பிறகு அரசாங்க உத்தியோகம், முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு வாழ்க்கை. ஓய்வு பெற்ற பிறகுதான் பழைய பாசத்தில் வொல்தேரை மறுபடி எடுத்தேன். 1765இல் அவர் எழுதிய 'வரலாற்றுத் தத்துவம்' என்ற நூலில் இந்தியாவைப் பற்றி வரும் பக்கங்களைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. 'எஸூர் வேதம்' என்ற பழம்பெரும் இந்திய நூல் தமக்குக் கிடைத்ததாகவும், அதைப் பிரெஞ்சு அரசரின் நூலகத்துக்கே கொடுத்துவிட்டதாகவும் மனிதர் பெருமையோடு சொல்லியிருந்தார். அலெக்சாந்தர் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே இருந்த நூல் என்பது அவர் கணிப்பு.

எஸூர் என்றால் யஜுர்தானே! மறுநாளே பெஞ்சில் அறிவித்துவிட்டேன்: "வொல்தேரே நம்ம யஜுர் வேதத்தைப் படிச்சுப் பாராட்டியிருக்கான்!" கேட்டவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என்னைவிட ஏழு வயது மூத்தவர், என்னை 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். அவர் ஊர்க் கோயிலுக்கு அப்போது கும்பாபிஷேகம். மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். நான் சொன்னதை வைத்து மூன்று பக்கம் எழுதிவிட்டார். மலரும் அச்சாகி வீட்டுக்கு வீடு போய்விட்டது. கட்டுரையின் கீழே 'தகவல் உதவி' என்று என் பெயர்.

ஐந்து வருஷம் கழித்துத்தான் எனக்கு லூதோ ரோஷே என்ற சமஸ்கிருதப் பேராசிரியர் 1984இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் கிடைத்தது. இந்த எஸூர் வேதம் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம். அதைப் படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது. யஜுர் வேதத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை. அது வேதமே இல்லை. ஏசு சபைப் பாதிரிமார்களில் ஒருவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. அதிலும் கொடுமை, அதன் சரித்திரத்தில் பாதி நம்ம புதுச்சேரியிலேயே நடந்திருக்கிறது.

நடந்தது இதுதான். மொதாவ் பிரபு என்ற பிரெஞ்சு அதிகாரி இங்கே இந்தியாவில் வேலை பார்த்தவர். 1760இல் ஐரோப்பா திரும்பியபோது ஒரு கையெழுத்துப் பிரதியோடு போய் வொல்தேரைச் சந்தித்தார். சுமந்து என்ற முனிவருக்கும் வியாசருக்கும் நடக்கும் உரையாடல் அது. வியாசர் புராணக் கதைகளையும் பூசைகளையும் எடுத்துச் சொல்ல, சுமந்து ஒவ்வொன்றையும் மறுத்து, கடவுள் ஒருவரே, உருவ வழிபாடு பிற்காலக் கெடுதல் என்று நிறுவுகிறார். வேதத்தை வகுத்த வியாசருக்கே வேதப் பாடம்! நம்மவர் யாராவது ஒரு பக்கம் புரட்டியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார். வொல்தேருக்குச் சமஸ்கிருதம் தெரியாது, இந்தியாவைப் பார்த்ததும் கிடையாது. 1761இல் அதை அரசர் நூலகத்தில் சேர்த்துவிட்டு, தம் நூல்களில் எல்லாம் அதைப் புகழ ஆரம்பித்தார்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். அவருக்குத் திருச்சபையோடு தீராத சண்டை. பைபிளுக்கு முன்பே, பாதிரிமார் துணை இல்லாமலே, தூர தேசத்தில் ஒருவன் ஒரே கடவுளைத் தூய்மையாக வணங்கியிருக்கிறான் என்று காட்ட அவருக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. சாட்சி தானாக வீட்டு வாசலுக்கு வந்தபோது குறுக்கு விசாரணை செய்ய மனம் வரவில்லை. ஏசு சபையார் பள்ளியில் படித்து, அவர்களையே வாழ்நாளெல்லாம் கிண்டல் செய்தவர், கடைசியில் அவர்களில் ஒருவர் எழுதிய நூலையே அவர்களுக்கு எதிரான ஆயுதமாகத் தூக்கினார். இந்தக் கூத்தைக் 'கான்தீது' எழுதியவர் வேறு யாருக்காவது நடந்திருந்தால் விட்டிருப்பாரா?

ஆபீஸ் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். நகல் சான்றிதழ்களில் அட்டெஸ்ட் செய்ய அதிகாரி கையெழுத்துப் போடுகிறார் என்றால், 'அசலைப் பார்த்தேன், நகல் சரி' என்று பொருள். எத்தனையோ பேர் அசலைப் பார்க்காமலே போடுவார்கள். அடுத்த மேசைக்காரர் அந்தக் கையெழுத்தை மட்டும்தான் பார்ப்பார். அரசர் நூலகத்து முத்திரையும் வொல்தேரின் பெயரும் சேர்ந்த பிறகு எஸூர் வேதத்தின் அசலை யார் கேட்பார்கள்? 1778இல் சேன்த் குருவா என்ற அறிஞர் சுவிட்சர்லாந்தின் இவெர்தோன் நகரில் அதை இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார். அடுத்த ஆண்டே ஜெர்மன் மொழியிலும் வந்துவிட்டது. வொல்தேர் 1778 மே மாதம் காலமானார். தாம் சிபாரிசு செய்த நூலின் கதி என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாமலே போயிற்று.

நாலு வருஷத்தில் குட்டு உடைந்தது. சொன்னெரா என்ற இயற்கை ஆராய்ச்சியாளர், புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து இங்குள்ளவர்களிடம் கேட்டறிந்தவர், 1782இல் தம் பயண நூலில் எழுதினார்: இது நான்கு வேதங்களில் ஒன்றல்ல, மசூலிப்பட்டினத்தில் ஒரு பாதிரியார் வாதத்துக்காக எழுதிய நூல், வாசகர்கள் ஏமாற வேண்டாம். அதன் பிறகும் நம்பியவர்கள் நம்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

முழு விவரம் வெளிவந்தது நமக்கெல்லாம் தெரிந்த ஒருவரால். திருக்குறளில் தோய்ந்த, சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரைதான் அவர். தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்று 1816இலேயே எழுதியவர். அவர் புதுச்சேரி பாதிரிமார்களிடம் இருந்த கையெழுத்துக் கட்டுகளைப் பரிசோதித்தார். எஸூர் வேதம் மட்டுமல்ல, மற்ற வேதங்களின் பெயரிலும் இதே மாதிரி நூல்கள் அங்கே இருந்தன. சமஸ்கிருதம் ரோமன் எழுத்தில், எதிர்ப்பக்கம் பிரெஞ்சு. சமஸ்கிருதமோ வங்காளத்து உச்சரிப்பில் எழுதப்பட்டிருந்தது.  எல்லிஸ் 1819இல் ராமநாதபுரத்தில் இறந்துவிட்டார். கட்டுரை 1822இல் கல்கத்தாவின் ஆசியச் சங்கத் தொகுதியில் வெளிவந்தது. ஒன்றில் அவரும் சறுக்கினார்: நூலாசிரியர் தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலியாக இருக்கலாம் என்றார். நொபிலி 1656இலேயே காலமானவர், இந்த நூல்கள் அவர் கைவேலை இல்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள்.

ரோஷே சொல்வதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எழுதிய பாதிரியாரை அவர் மோசடிக்காரர் என்று திட்டவில்லை. இது முதலில் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது, இங்குள்ளவர்களோடு வாதம் செய்யத் தயாரித்தது, ஆசிரியர் இன்னார் என்று அறுதியிட முடியாது என்கிறார். ஐரோப்பாவை ஏமாற்றுவது அந்த மனிதரின் நோக்கமாக இருந்திருக்கவே தேவையில்லை. அது பழைய வேத நூல் என்று அட்டை ஒட்டிக் கைமாற்றியவர்கள் மற்றவர்கள். அதாவது என்னைப் போன்றவர்கள்.

இதைத் தமிழாசிரியரிடம் எப்படிச் சொல்வது? மூன்று வெள்ளிக்கிழமை வாயைத் திறக்கவில்லை. நாலாவது வெள்ளி, மற்றவர்கள் கிளம்பிய பிறகு சொன்னேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்புறம் மெதுவாக, "நீங்க சொன்னீங்க முசியே, நான் நம்பினேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு வாரம் அவர் பெஞ்சுக்கு வரவில்லை. வந்தபோது கையில் மலர் இருந்தது. தன் கட்டுரையின் ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தம் எழுதியிருந்தார், மாணவன் நோட்டில் எழுதுவதுபோல. "நம்ம பிரதி ஒண்ணு சரியாயிடுச்சு. மிச்சம் ஆயிரத்தை என்ன செய்யறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு அவரே, "பொய்யாப் போனது ஒண்ணு சொன்னீங்க. அதே காலத்துல உண்மையா ஒண்ணும் இங்கேயிருந்து போகலியா?" என்றார். வாத்தியார் கேட்ட கேள்வி, வீட்டுப்பாடம் மாதிரி உட்கார்ந்து தேடினேன்.

போயிருக்கிறது. அனுப்பியவர் ஒரு தமிழர், எங்கள் வர்க்கத்து ஆள், அரசாங்க உத்தியோகஸ்தர். மரியதாஸ் பிள்ளை. பிரெஞ்சு ஏடுகளில் 'மரிதாஸ் புல்லே' என்று இருக்கும். 1721இல் பிறந்தவர், கிறிஸ்தவர், புதுச்சேரி உயர் கவுன்சிலின் தலைமை மொழிபெயர்ப்பாளர். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து இடித்ததையும், 1765இல் அது திரும்பப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததையும் கண்ணால் பார்த்த தலைமுறை. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காண இங்கே வந்து காத்திருந்தாரே வானியலாளர் லெ ஜான்தீல், 1769 ஜூனில் சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடி ஏமாந்து போனவர், அவருக்குத் தமிழர் பஞ்சாங்கக் கணக்கைப் புரியவைக்க உதவிய துபாஷியும் இவரே.

அதே 1769இல் மரியதாஸ் பிள்ளை பாகவத புராணத்தை, தமிழில் இருந்த வடிவத்திலிருந்து பிரெஞ்சில் ஆக்கி, பாரிசில் மந்திரி பெர்த்தேனுக்கு அனுப்பினார். வேதம் என்று பொய் சொல்லவில்லை. பதினெட்டுப் புராணங்களில் ஒன்று என்றே அது பாரிசில் அறியப்பட்டது. தாம் கிறிஸ்தவர் என்பதற்காகக் கண்ணனின் கதையைக் கடவுள் ஒருவரே என்ற பாடமாக மாற்றவும் இல்லை. வம்சாவளி, அரசர் பட்டியல் எல்லாம் அப்படியே போயிற்று.

அந்தப் பட்டியல்தான் வேலை செய்தது. பாரிசில் தெ கீஞ் என்ற அறிஞர் அதை எடுத்துப் படித்து, 1772இல் ஒரு கட்டுரை வாசித்தார். பாகவதத்தில் வரும் சந்திரகுப்தன்தான் கிரேக்கர் சொல்லும் சந்திரகோட்டஸ் என்று அதில் கண்டுகொண்டார். கிரேக்கர் காலக்கணக்கு தெரியும், ஆகவே நம் அரசர்களின் காலத்தையும் கணக்கிட ஒரு ஆணி கிடைத்தது. நம் பாடப் புத்தகங்கள் இந்தப் பெருமையை 1793இல் சொன்ன வில்லியம் ஜோன்சுக்குத் தருகின்றன. அவருக்கு இருபத்தொரு வருஷம் முன்பே, ஒரு புதுச்சேரி மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து அது வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பிரதி அச்சேற 1788 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, பத்தொன்பது வருஷம். அதற்குப் பத்து வருஷம் முன்பே எஸூர் வேதம் அச்சாகிவிட்டது. அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி. அந்த அமளியில் பாகவதம் யாருக்கு வேண்டும்? 1840இல் பூர்னூஃப் சமஸ்கிருத மூலத்திலிருந்தே புதிதாகப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கத் தொடங்கிய பிறகு பிள்ளையின் நூல் ஓரத்துக்குப் போய்விட்டது. அவர் 1796இலேயே கண்ணை மூடிவிட்டார். வொல்தேர் மாதிரி ஒருவர் சிபாரிசு செய்திருந்தால் கதை வேறு. எனக்கு இதில் இன்றும் கொஞ்சம் ஆத்திரம் உண்டு. பாரிசில் ஒருவரிடம் சந்திரகுப்தன் வெளிப்பட்டான், மற்றவர்கள் யாரும் மூலப்பிரதி அனுப்பியவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் பெஞ்சில் சொன்னபோது தமிழாசிரியர் கேட்டார்: "நீங்க படிச்சீங்களா, இல்ல அதைப் பத்திப் படிச்சீங்களா?" சட்டம் பிறந்தது அன்றுதான். பிறகு பாரிசில் இருக்கும் என் மைத்துனர் மகளுக்குச் சொல்லி, 1788 பதிப்பின் நகலை அச்செடுத்து வரவழைத்தேன். பழைய பிரெஞ்சு, பழைய எழுத்து. 'S' வரும் இடத்தில் 'f' போல் இருக்கும். ஆனாலும் பழகிவிட்டது.

அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு பக்கம் நான் வாசித்து அங்கேயே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது மறுபடி தமிழுக்கு வந்தது. நான் தடுமாறும் இடத்தில், பெயர் புரியாமல் விழிக்கும் இடத்தில், அவர் கதையை வைத்தே சொல்லைக் கண்டுபிடித்துத் தருவார். "இந்த இடத்துல பிள்ளைவாள் சரியாத்தான் போட்டிருக்கார், நீங்கதான் தப்பாச் சொல்றீங்க முசியே" என்பார். துருவன் கதை வரை வந்தோம். போன மார்கழியில் அவர் போய்விட்டார்.

மலர் இப்போது என்னிடம் இருக்கிறது, அவர் மகன் கொடுத்தான். உங்களில் யார் வீட்டிலாவது அந்த மலர் இருந்தால், வொல்தேர் பற்றிய கட்டுரையின் ஓரத்தில் திருத்தத்தை எழுதிக்கொள்ளுங்கள். தகவல் உதவி என்று இருக்கும் பெயர் என்னுடையது.