சோம்பி நகைச்சுவைப் படங்கள்: பயத்தைப் பார்த்துச் சிரிப்பது ஏன்?

இறந்தவர்கள் எழுந்து நடமாடி, உயிரோடிருப்பவர்களைக் கடிக்கும் கதைகளே சோம்பி படங்கள். அதில் றொக் இசையையும் நகைச்சுவையையும் கலந்த யப்பானியப் படம் ‘வைல்ட் ஸீரோ’ (1999). டெட்சுரோ டகேயுச்சி இயக்கிய இப்படம் தாய்லாந்தில் எடுக்கப்பட்டது. ‘கிட்டார் வுல்ஃப்’ என்ற இசைக்குழுவினர் அதில் தாங்களாகவே நடித்தனர். நாயகன் அவர்களின் இளம் ரசிகன். ஆபத்து வந்தால் ஊதும்படி பாடகர் அவனுக்கு ஒரு விசில் கொடுக்கிறார். முடிவில், கிட்டாருக்குள் இருந்து உருவிய வாளால் விண்கலத்தையே வெட்டுகிறார்.

தமிழில் ‘மிருதன்’ (2016) இவ்வகைக் கதையைக் காதலும் சண்டையுமாகச் சொன்னது. யோகி பாபு நடித்த ‘சோம்பி’ (2019) அதைச் சிரிப்பாக்கியது.

போரைக் கண்டவர்களையும் இவை ஏன் ஈர்க்கக்கூடும்? புத்தளம் கரையின் கதையோடு வைத்துப் பார்க்கலாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர், மன்னாரிலிருந்து படகுகளில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தனர். ஆண்டுக்கணக்கில் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தனர். கையில் அகப்பட்டதோடு வீட்டை விட்டு வெளியேறுவது, நேற்றைய அயலவருக்கு இன்று அஞ்சுவது: சோம்பி படங்களும் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆனால் படத்தில் ஆபத்துக்கு முகம் உண்டு. அது தடுமாறி நடக்கும். சாதாரண ஆளே அதை வெல்வான். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். வாழ்க்கையில் கிடைக்காத அந்த முடிவே இப்படங்களின் ஈர்ப்பு.

அதைப் பார்த்துச் சிரிப்பது இழப்பை மறப்பதாகாது. திரையில் எழுந்து வருபவர்கள் வேடதாரிகள். காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எங்கே என்ற கேள்விக்கு எந்தப் படமும் பதிலல்ல.