அய்யன்காளியின் வண்டித் தடமும் உலக நீதியும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. தமிழில் சாலை என்றால் வழி. ஆயினும் அன்றைய திருவிதாங்கூரில் பொதுவழி எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. 1855இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் புலையர்மீது வழித்தடை நீடித்தது. 1893இல் வெங்ஙானூர் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுவழியே சென்றார். அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் காந்தி முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

நாட்டெல்லைக்குள் தடையின்றி நடமாடும் உரிமையை ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பிரகடனம் தன் 13ஆம் பிரிவில் எழுதிவைத்தது 1948இல்தான். உலக நீதி பற்றிய விவாதம் பெரும்பாலும் அந்த ஏட்டிலிருந்தே தொடங்குகிறது. வண்டித் தடத்திலிருந்து தொடங்கினால் முறை தெளிவாகும்: மறுக்கப்பட்டவர் முதலில் உரிமையைக் கையாண்டு காட்டினார், சட்டம் பின்னர் ஒப்புக்கொண்டது. இம்முறையை மறக்கும் கோட்பாடு, வழங்கியவரைப் போற்றி, வழி திறந்தவரை விட்டுவிடும்.