வயசைத் தின்ற காளான்

ஒரு மரத்தோட வயசு தெரியணும்னா வளையங்களை எண்ணினால் போதும்னு பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஸ்காட்லாந்தின் ஃபோர்டிங்கல் கிராமத்தில், தேவாலயத்தை ஒட்டி நிற்கும் யூ மரத்திடம் அந்த வித்தை பலிக்காது. எண்ணுவதற்கு நடுமரமே அங்கே கிடையாது.

பிரிட்டனின் கிழட்டு யூ மரங்கள் இப்படி உள்ளே கூடாகிப் போவதில் 'லாட்டிபோரஸ் சல்ஃபூரியஸ்' என்ற காளானுக்குப் பெரிய பங்கு உண்டு. அடிமரத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாக, தட்டு தட்டாக நீட்டிக்கொண்டிருக்கும். நம்ம கண்ணுக்குப் படும் அந்தத் தட்டு வித்து பரப்ப மட்டும்தான். நிஜமான காளான் மரத்துக்குள்ளே நூல் நூலாக ஓடிக்கொண்டிருக்கும். செல்லுலோஸைத் தின்றுவிட்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். மிஞ்சிய கட்டை பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும்.

இதில் வேடிக்கை என்னன்னா, மரம் சாவதில்லை. காளான் முக்கியமாகத் தின்பது ஏற்கெனவே செத்த வைரப் பகுதியை. தண்ணீர் ஏறும் பாதை பட்டையை ஒட்டி இருப்பதால், உள்ளே வெறும் கூடாக இருந்தும் மரம் நூற்றாண்டுக் கணக்கில் தழைக்கும்.

நஷ்டம் வரலாறு தேடுகிறவனுக்குத்தான். மரத்தின் இளமைக்காலம் முழுக்க நடுவில்தானே பதிவாகியிருக்கும்? லாக் ஃபைலில் புது வரிகள் எல்லாம் பத்திரமாக இருக்க, பழசு மட்டும் அழிந்துபோன மாதிரி. கார்பன் சோதனைக்கும் அந்தப் பழைய கட்டைதான் வேணும்.

சரி, சுற்றளவை வைத்துக் கணக்குப் போடலாமே? 1769ல் அங்கே போன பயணி தாமஸ் பென்னன்ட் 56½ அடி என்று எழுதி வைத்தார். அவர் பார்த்ததே மரத்தின் மிச்சம்தான். அதோடு, யூ மரம் வருஷா வருஷம் ஒரே அளவில் பருப்பதும் இல்லை. அதனால்தான் 2000, 3000, 5000 என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். (5000த்தை நான் நம்பவில்லை.)

எல்லாப் பழியையும் காளான் மேலேயே போடவும் கூடாது. ஞாபகார்த்தமாக வெட்டி எடுத்துக்கொண்டு போன மனுஷங்களும் நிறைய. அவங்களிடமிருந்து காப்பாற்றத்தான் மரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது.

ஆதாரம் இல்லாத இடத்தில் கதை குடியேறும், இல்லையா? இயேசுவுக்குத் தண்டனை விதித்த பொந்தியு பிலாத்து இந்த ஊரில்தான் பிறந்தாராம், இந்த மரத்தடியில் விளையாடினாராம். பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. ரோமர்கள் பிரிட்டனைப் பிடிக்கப் படையெடுத்து வந்ததே கி.பி. 43ல். இந்தக் கதையை உடைக்க மரத்தின் வயசு தேவையே இல்லை.

2015ல் இதே மரம் இன்னொரு வேலை காட்டியது. அதுவரை ஆண் மரம் என்றே பதிவாகியிருந்ததில், ஒரே ஒரு கிளை மட்டும் சிவப்பாக மூன்று பழம் பழுத்திருந்தது.