மேடெழுந்த தாள்: தமிழகத்தில் கைவினை வாழ்த்து அட்டை வளர்ந்த வழி

கையால் செய்த வாழ்த்து அட்டையை மேலைநாட்டுப் பொழுதுபோக்கின் வரவாகக் கருதுவது வழக்கம். அட்டை என்ற வடிவம் வெளியிலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் அதை அழகு செய்யும் இரண்டு வேலைகளும், வெட்டிய துளை வழியே வண்ணமோ பொடியோ இறக்குவதும் பரப்பை அழுத்தி மேடாக்குவதும், தமிழ்நாட்டுக் கைகளுக்கு நன்றாகப் பழகியவை. அப்படியிருக்க, இவை தாளில் வந்து சேர ஏன் இத்தனை காலம் ஆயிற்று? திறமைக் குறைவு காரணமல்ல. ஏற்ற தாள் இல்லாததே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கைகளைப் பார்ப்போம். மார்கழியில் தெருவில் விற்கும் கோல அச்சு, துளையிட்ட தகடுதான். உள்ளே மாவைப் போட்டு உருட்டினாலோ தட்டினாலோ துளைக்குத் துளை கோடு விழும். மேடாக்கும் வேலைக்குச் சிறந்த சான்று தஞ்சாவூர்த் தட்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தோடு இணைத்துப் பேசப்படும் இக்கலையில், மெல்லிய தகட்டை அச்சில் வைத்துத் தட்டி உருவத்தை எழுப்புவார்கள். பின்பக்கக் குழிவில் அரக்கு நிரப்பித் தட்டில் பதிப்பார்கள். அரக்கு இல்லையென்றால் ஒரு விரல் அழுத்தத்தில் உருவம் அமுங்கிவிடும். எழுப்பிய மேட்டைத் தாங்க அடியில் ஏதாவது வேண்டும் என்ற அறிவு இங்கே தெளிவாக இருந்தது. எழுதுவதற்கு நம்மிடம் இருந்ததோ பனையோலை. அதன் நார் ஒரே திசையில் ஓடும். எழுத்தாணியின் கீறலை அது தாங்கும். மேடாக்க அழுத்தினால் நாரோட்டத்தில் பிளந்துவிடும்.

அழுத்தி மேடாக்கிய தாள் இங்கே அஞ்சலிலும் இடம்பெற்றது என்பது பலரும் கவனிக்காத செய்தி. ஆசியாவின் முதல் அஞ்சல் தலைகளான சிந்து டாக் தலைகளை 1852 ஜூலை 1 அன்று சிந்து ஆணையர் பார்ட்டில் பிரேர் வெளியிட்டார். அவை மையால் அச்சிட்ட தலைகள் அல்ல, அழுத்தி எழுப்பியவை. சிவப்பு அரக்கில் பதித்தவை எளிதில் நொறுங்கின. வெள்ளைத் தாளில் நிறமின்றி எழுப்பியவை விளக்கொளியில் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் நீல நிறம் சேர்த்தார்கள். மேட்டின் அழகு விழுகிற வெளிச்சத்தைப் பொறுத்தது என்ற பாடத்தை அட்டை செய்பவர்கள் இன்றும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதே காலத்து இங்கிலாந்தில், 1840இல் வந்த ஒரு பென்னி அஞ்சலை ஒட்டி, 1843இல் ஹென்றி கோல் ஏற்பாட்டில் ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை வெளிவந்தது. கல்லச்சில் அடித்துக் கையால் வண்ணம் தீட்டிய அட்டை அது. இந்தியாவில் 1854இல் நாடு முழுவதற்குமான அரையணாத் தலையும், 1879இல் காலணா அஞ்சலட்டையும் வந்தன. மலிவான அஞ்சலே வாழ்த்து அட்டையைப் பரவலாக்கியது.

அஞ்சல் வந்த பிறகும் தமிழகத்தில் பெருகியது கைவினை அட்டை அல்ல, அச்சு அட்டை. சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்துகளில் கரும்பு, பானை, காளை, கடவுளர், சினிமா நட்சத்திரங்கள் எல்லாம் வந்தார்கள். ஜிகினா தூவியவையும் உண்டு. உறையை ஒட்டாமல் ‘புக் போஸ்ட்’ என்று எழுதிப் போட்டால் அன்று செலவு குறைவு. அந்த அட்டைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தைப் பிறப்பை எளியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வைத்தவை அவை. ஆனால் இயந்திரத் தாளின் இழை குட்டை. கைக்கருவியால் ஆழமாக அழுத்தினால் கிழியும். எம்போசிங் எனப்படும் மேடாக்கல், கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாரை எழுப்பும் இரும்பு அச்சின் வேலையாகவே நின்றது. துளை வெட்டிய தகட்டைக் குறிக்கும் ‘ஸ்டென்சில்’ என்ற சொல்லைக் கேட்டாலோ, பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் எடுக்க வெட்டிய மெழுகுத்தாள்தான் நினைவுக்கு வந்தது. அதில் படம் வரையக் குண்டு முனைக் கம்பியைப் பிடித்த ஆசிரியர் கைகளில், தமக்குத் தெரியாமலேயே, அட்டைக் கலையின் கருவி இருந்தது.

தாளின் குறையைத் தீர்த்தது கிராமத் தொழில் இயக்கம். 1934 இறுதியில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் அமைந்தபோது அதன் செயலாளரானவர் 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கைக்காகிதத்தைக் கிராமப் பொருளாதாரத்தின் ஓர் உறுப்பாக அவர் கருதினார். 1940இல் புனேயில் கே.பி. ஜோஷியின் கைக்காகித நிலையம், 1957இல் கதர் கிராமத் தொழில் ஆணையம், 1959இல் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் என்று தொழில் வேர்விட்டது. பருத்தித் துணி வெட்டுகளை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, கம்பளித் துணிமேல் கவிழ்த்து, அழுத்தி, உலர்த்தி எடுக்கும் இந்தத் தாளில் இழை நீளம். பனையோலையைப் போல ஒரே திசையில் ஓடாமல் எல்லாப் பக்கமும் பின்னிக் கிடக்கும். அழுத்தினால் இழை அறுபடாமல் நீண்டு கொடுக்கும், எழுந்த மேட்டைப் பிடித்துக்கொள்ளும். தஞ்சாவூர்த் தட்டில் அரக்கு செய்யும் வேலையை இங்கே தாளே செய்துகொள்கிறது.

செய்முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் வாதத்தின் மெய்ப்பு அங்கேதான் இருக்கிறது. பழைய எக்ஸ்ரே பிலிமில் உருவத்தை வெட்டி, வெளிச்சம் வரும் சன்னல் கண்ணாடியில் ஒட்டுவார்கள். தாளின் முன்பக்கம் பிலிமைப் பார்த்திருக்க, பின்பக்கத்தை மெழுகுத் துண்டால் லேசாகத் தேய்த்து வழுக்கலாக்கி, குண்டு முனைக் கருவியால் துளையின் விளிம்பை ஒட்டி ஓட்டுவார்கள். நடுவை அழுத்தத் தேவையில்லை. விளிம்பு இறங்கினால் உருவம் தானே எழும். கூரிய மூலைகளில்தான் தாள் கிழியும். அங்கே கையைத் தளர்த்த வேண்டும். தமிழ் எழுத்து கூடுதல் கவனம் கேட்கும். ‘பொங்கல்’ என்று வெட்டினால் ஒற்றைக் கொம்பின் சுழியும் ககரத்தின் வயிறும் தனித்தீவாகக் கழன்று விழும். அவற்றைப் பிடித்து நிறுத்த மெல்லிய பாலங்கள் விட வேண்டும். அந்தப் பாலங்களை எழுத்தின் வளைவுக்கு இசைய எங்கே விடுவது என்பதில்தான் நல்ல வெட்டுக்காரரின் கை தெரியும்.

இந்த வரலாற்றை நெல்லிவாசல்நாட்டை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாதுமலையில், புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவற்றோடு சேர்ந்த மலைநாடு அது. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். அடிவாரத் திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921இல் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமம் கதரைத் தன் உடையாக ஏற்றது. குமரப்பா பேசிய பொருளாதாரம் இந்த மலைக்கு அயலானதல்ல. வாழ்த்து கைப்பேசிக்குப் போய்விட்ட இக்காலத்தில் அச்சு அட்டைச் சந்தை சுருங்கிவிட்டது. கையால் செய்தது என்பதற்காகவே வாங்குபவர்கள் மட்டும் எஞ்சியிருக்கிறார்கள். மின்சாரமும் இயந்திரமும் கேட்காத இத்தொழில் மலைப்பள்ளிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் மலையில் வெட்டும் ஸ்டென்சில், சமவெளிச் சந்தையின் ரோஜாவையும் மணியையும் திரும்ப வெட்டக் கூடாது. அங்கே விளையும் சாமைக் கதிர் இருக்கிறது. அதன் மணிகளைத் துளையாக வெட்டினால் பாலங்கள் அறுந்துபோகும், அவ்வளவு நெருக்கம். தண்டை மட்டும் பிலிமில் வெட்டிக்கொண்டு, தாளைக் கவிழ்த்து மென்மையான அட்டைமேல் வைத்து, மணிகளை ஒவ்வொன்றாகக் குண்டு முனையால் பின்பக்கமிருந்து ஒற்றி எடுக்க வேண்டியிருக்கும்.