அரை லிட்டர் பாலும் கறுப்பு முத்திரையும்: சிலி நாட்டுக் குழந்தைகளின் கதை

ஒரு குழந்தை குண்டாக இருந்தால் நாம் உடனே சொல்வது என்ன? "வாயைக் கட்டுவதில்லை, ஓடியாடி விளையாடுவதில்லை." பழி குழந்தை மேல், மிஞ்சினால் அம்மா மேல். ஆனால் ஒரு நாட்டுக் குழந்தைகளில் பெரும் பகுதியினர் ஒரே தலைமுறையில் குண்டாகிப் போனால்? அத்தனை பேருக்கும் திடீரென்று மனக்கட்டுப்பாடு போய்விட்டதா? தென் அமெரிக்காவின் சிலி நாட்டு வரலாற்றைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கிறது.

பசி இருந்த காலம்

1960ல் சிலியில் பிறந்த 1000 குழந்தைகளில் சுமார் 120 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். ஊட்டமின்மை அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1964ல் பள்ளி உணவுக்கென்றே ஜுனாயெப் என்ற அரசு அமைப்பு உருவானது. 1970ல் அதிபரான சல்வடோர் அலெண்டே ஒரு மருத்துவர். ஒவ்வொரு குழந்தைக்கும் தினமும் அரை லிட்டர் பால் என்பது அவருடைய புகழ்பெற்ற வாக்குறுதி. 1973ல் ராணுவம் அவர் ஆட்சியைக் கவிழ்த்தது. ஆனாலும் பால் வழங்குவது நிற்கவில்லை. பெர்னாண்டோ மொன்கெபெர்க் என்ற மருத்துவர், மிகவும் மெலிந்த கைக்குழந்தைகளுக்கென 1970களில் தனி சிகிச்சை மையங்களைத் தொடங்கினார். இவற்றோடு குடிநீர், தடுப்பூசி எல்லாம் சேர்ந்து பலன் தந்தன. 2000ஆம் ஆண்டில் 1000க்கு 120 என்பது 10க்கும் கீழே வந்துவிட்டது. இது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை.

எடை கூடிய காலம்

சிலியில் முதல் வகுப்புப் பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் பள்ளிகளில் குறித்து வைப்பார்கள். அந்தக் கணக்கு ஒரு புதுக் கதையைச் சொன்னது. 1980களின் பிற்பகுதியில் நூற்றில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத்தான் உடல் பருமன் இருந்தது. 2010களில் அது 20ஐத் தாண்டியது.

காரணங்கள் என்ன? வருமானம் உயர்ந்தது. சூப்பர் மார்க்கெட்டுகள் பெருகின. பொட்டலத் தின்பண்டம் மலிவானது. சர்க்கரைப் பானம் அதிகம் விற்கும் நாடுகளில் சிலி முன்வரிசைக்கு வந்தது. நடையும் விளையாட்டும் குறைந்து, டி.வி. முன் உட்காரும் நேரம் கூடியது. அந்த டி.வி.யிலோ கார்ட்டூன் பொம்மைகள் இனிப்புச் சீரியலை விற்றுக்கொண்டிருந்தன.

இன்னொரு காரணம் யோசிக்க வைப்பது. மெலிந்த குழந்தைகளுக்காகத் தொடங்கிய உணவுத் திட்டங்கள், மெலிவு பெரும்பாலும் மறைந்த பிறகும் அதே போக்கில் நடந்தன. இத்திட்டங்களில் உடல் பருமன் தடுப்பையும் சேர்க்க வேண்டும் என்று ரிக்கார்டோ உவாய், ஹூலியானா கைன் என்ற அந்நாட்டு ஆய்வாளர்கள் 2002ல் எழுதினார்கள். ஒரு தலைமுறைக்கு மருந்தாக இருந்தது அடுத்த தலைமுறைக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதே இதில் உள்ள பாடம்.

சட்டம் வந்தது

மருத்துவரும் செனட்டருமான கீதோ ஹிரார்டி போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். உணவு நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. 2012ல் சட்டம் வெளியானது. 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கிய அம்சங்கள்:

1. சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி இவற்றில் எது வரம்பை மீறினாலும் பொட்டலத்தின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை. வரம்பு 2019 வரை மூன்று கட்டமாக இறுக்கப்பட்டது. கடைசிக் கட்டத்தில் பானத்துக்கு 100 மி.லி.க்கு 5 கிராம் சர்க்கரைதான் எல்லை. சாதாரண கோலாவில் ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு இருக்கும்!

2. முத்திரை பெற்றவற்றைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது.

3. 14 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் கூடாது. கெல்லாக்ஸ் பெட்டியில் இருந்த புலிகூட மறைந்தது. முட்டை மிட்டாய்க்குள் பொம்மை வைத்து விற்பதும் நின்றது.

பலன் இருந்ததா?

முதல் 18 மாதங்களில் முத்திரை பெற்ற பானங்களை வீடுகள் வாங்கும் அளவு சுமார் 24 சதவீதம் குறைந்தது என்று ஆய்வு ஒன்று கண்டது. பல நிறுவனங்கள் முத்திரையைத் தவிர்க்கச் சர்க்கரையையும் உப்பையும் தாமாகவே குறைத்தன. பெரு, மெக்சிகோ, உருகுவே, அர்ஜென்டினா நாடுகளும் இதே வழியில் முத்திரையைக் கொண்டுவந்தன.

ஆனால் பிள்ளைகளின் எடை உடனே இறங்கிவிடவில்லை. கொரோனாவால் பள்ளிகள் மூடிய காலத்தில் அது இன்னும் ஏறியது. முப்பது ஆண்டுகளில் ஏறிய எடையை ஒரு முத்திரை மட்டும் இறக்கிவிடாது. விளையாட மைதானம், பள்ளியில் குடிக்க நல்ல தண்ணீர், ஏழைக்கும் எட்டும் விலையில் காய்கறி பழம், நல்ல தூக்கம் எல்லாம் சேர வேண்டும்.

முடிவாக

1960களில் மெலிந்து கிடந்த குழந்தையை "உனக்குச் சாப்பிடத் தெரியவில்லை" என்று யாரும் திட்டவில்லை. பால் கொடுத்தார்கள். இன்று குண்டான குழந்தையை மட்டும் வகுப்பிலும் வீட்டிலும் கேலி செய்கிறோம். இரண்டு குழந்தைகளும் தங்களுக்கு எட்டிய உணவைத்தான் உண்டார்கள். எட்டும் தூரத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்தவர்கள் பெரியவர்கள். ஆகவே அடுத்த முறை வகுப்பில் யாரையாவது "குண்டு" என்று கூப்பிடும் முன், பள்ளி வாசலில் உள்ள கடையில் என்ன தொங்குகிறது என்று ஒருமுறை பாருங்கள்.