அனலுக்கு எதிரே பத்து மணி நேரம்

விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியே மயிலாடுதுறை போகும் பழைய மெயின் லைன் ஒற்றைத் தடம். நீராவிக் காலத்தில் எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடந்த நேரமும் டிரைவருக்கும் கரி தள்ளிய ஃபயர்மேனுக்கும் அனல் முன்னேதான் கழிந்தது.

அந்தக் காலத்தில் பதவி சீனியாரிட்டிப்படி ஏறியது: ஃபயர்மேன், கூட்ஸ் டிரைவர், பாசஞ்சர், கடைசியில்தான் மெயில். சம்பளத்தோடு, ஓட்டிய தூரத்துக்கு ரன்னிங் அலவன்ஸ் உண்டு. தூரம் குறைந்தால் படியும் குறையும்.

1973 ஆகஸ்டில் லோகோ (எஞ்சின்) தொழிலாளர்கள் நாடெங்கும் போராடினார்கள். பணிநேரத்தைப் பத்து மணியாக்குவதாக அரசு வாக்களித்தது. அந்த வாக்கு முழுதாக நிறைவேறவில்லை. அது பெரிய அநீதி.

1974 மே 8 அன்று, எட்டு மணி வேலை, போனஸ் கேட்டு தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். அவர்கள் கேட்ட போனஸ் 1979இல்தான் கிடைத்தது.